ஆறு தட ஒலியும் ஒற்றை ஸ்பீக்கரும்

கிளிநொச்சியில் ஒரு கலியாண வீட்டைப் படம்பிடித்து டிவிடி ஆக்கிக் கொடுப்பவருக்கு, அந்தத் தட்டு எந்தெந்தப் பெட்டியில் ஓடப்போகிறது என்று தெரியாது. ஒன்று முள்ளியவளையில் ஒற்றை ஸ்பீக்கர் வைத்த பழைய தொலைக்காட்சியில் ஓடும். அதன் கொப்பி ரொறன்ரோவில் ஆறு ஸ்பீக்கர் பூட்டிய வரவேற்பறையில் ஓடும். வேறொன்று பாரிஸில் ஒரு மடிகணினியில் ஓடும். மாப்பிள்ளையின் தாய், "ஐயர் சொல்லுறது ஒண்டும் கேக்கேல்லை, மேளம் மட்டும் காதைப் பிளக்குது" என்பார். கனடாவில் இருக்கும் சித்தப்பா, "குரல் எல்லாம் வலப்பக்கத்தாலதான் வருது" என்பார். பாரிஸில் இருக்கும் மச்சாளுக்கு ஒலியில் குறை தெரியாது. கடைசி அரை மணித்தியாலத்தில் வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்பதுதான் அவருடைய முறைப்பாடு. ஒரே தட்டு. மூவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

இப்படி ஒரு முறைப்பாடு வந்தவுடன், "ரெண்டர் சரியா வரேல்லை, திரும்பப் போட்டுப் பாப்பம்" என்று இரவு முழுவதும் கணினியை ஓடவிடும் பழக்கம் எங்கள் ஸ்ரூடியோக்களில் உண்டு. அதே அமைப்பில் திரும்ப ரெண்டர் செய்தால் அதே பிழைதான் திரும்ப வரும். வீடியோத் தட்டின் பிழைகள் தற்செயலாக நேர்வதில்லை. பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒரு எண் ஒளிந்திருக்கிறது: நொடிக்கு எத்தனை மாதிரி, நொடிக்கு எத்தனை சட்டகம், எத்தனை டெசிபெல், எந்த வரிசையில் எந்தத் தடம். அந்த எண்ணைப் பிடித்துவிட்டால் காரணமும் பிடிபட்டுவிடும்.

முதலில் ஒலி. 5.1 என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது ஆறு தனித்தனித் தடங்களைக் குறிக்கிறது. முன் இடம், முன் வலம், நடு, பின் இடம், பின் வலம் என்று ஐந்து. ஆறாவது, 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலிக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட அடித்தொனித் தடம். முழு அலைவரிசையில் ஒரு சிறு துண்டை மட்டும் அது சுமப்பதால் அதை '.1' என்று எழுதுகிறார்கள். 1992 இல் திரையரங்குகளுக்கு வந்த டொல்பி டிஜிட்டல், 1996 இறுதியில் யப்பானில் டிவிடி விற்பனைக்கு வந்த பிறகு வீடுகளிலும் பரவலானது.

வன்னிக்குச் சுற்றொலி அதற்கு முன்பே தெரியும். வட்டக்களரியில் கூத்து ஆடும்போது களரியைச் சுற்றிச் சனம் இருக்கும். அண்ணாவியாரின் மத்தளம் ஒரு திசையில், பிற்பாட்டு அதை ஒட்டி, ஆடுபவரின் குரலோ அவர் சுழலச் சுழல இடம் மாறிக்கொண்டிருக்கும். முல்லைத்தீவின் கோவலன் கூத்தை ஒரு மைக்கில் பதிந்தால் அந்த வட்டம் முழுவதும் ஒரு புள்ளிக்குள் சுருங்கிப்போகும். வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலும் அப்படித்தான். பறை ஒரு பக்கம், காவடிக்காரரின் மேளம் இன்னொரு பக்கம், நடுவில் சனத்தின் இரைச்சல். இவற்றை ஆறு தடத்தில் பதிய ஆசைப்படுவதை வீண் ஆடம்பரம் என்று நான் கருதவில்லை. அந்த நிகழ்வுகளின் உண்மையான வடிவமே அதுதான். ஆனால் ஆறு தடமாகப் பதிவது ஒரு வேலை. அந்த ஆறும் கேட்பவரின் வீட்டில் ஒழுங்காக வந்து சேர்வது இன்னொரு வேலை.

சித்தப்பாவின் முறைப்பாட்டை எடுப்போம். எடிற்றிங் மென்பொருள்கள் பலவும் ஆறு தட ஒலியை வேவ் கோப்பாக எழுதும்போது முன் இடம், முன் வலம், நடு, அடித்தொனி, பின் இடம், பின் வலம் என்ற வரிசையில் எழுதும். திரைப்படத் துறையிலிருந்து வந்த சில கருவிகளோ முன் இடம், நடு, முன் வலம், பின் இடம், பின் வலம், அடித்தொனி என்ற வரிசையை எதிர்பார்க்கும். முதல் வரிசையில் எழுதியதை இரண்டாம் வரிசையில் படித்தால் என்ன நடக்கும்? நடுவில் வரவேண்டிய ஐயரின் குரல் வல ஸ்பீக்கருக்குப் போகும். வலப்பக்க ஒலி நடுவுக்கு வரும். தவிலின் கனத்த அடி முதுகுக்குப் பின்னால் இடப்பக்கத்தில் குமுறும். பின் வலத் தடம் அடித்தொனிப் பெட்டிக்குள் போய், மேலான சுரங்கள் எல்லாம் வெட்டுப்பட்டு, வெறும் உறுமலாக மிஞ்சும். 'குரல் வலப்பக்கத்தில்' என்ற ஒரு சொல்லே இந்தப் பிழையை அடையாளம் காட்டப் போதும்.

இந்தப் பிழை கிளிநொச்சியில் பிடிபடாது. ஒற்றை ஸ்பீக்கரில் முன் தடங்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுவதால் குரல் வழக்கம்போலவே கேட்கும். தட்டு கடல் கடந்த பிறகுதான் குறை வெளிப்படும். அதனால் ஆறு தடத்தில் வேலை செய்பவர் ஒவ்வொருவரும் ஒரு சோதனைக் கோப்பு வைத்திருக்க வேண்டும். "முன் இடம்", "நடு", "பின் வலம்" என்று அந்தந்தத் தடத்தில் சொந்தக் குரலில் சொல்லிப் பதிந்த ஒரு நிமிடக் கோப்பு. அதை வழக்கமான பாதை முழுவதும் அனுப்பி, தட்டாக எழுதி, ஆறு ஸ்பீக்கர் உள்ள ஒரு இடத்தில் ஒரு தடவை போட்டுக் கேட்டால், அந்த மென்பொருளை மாற்றும்வரை வரிசை பற்றிய கவலை இல்லை.

தாயின் முறைப்பாடு இதைவிடச் சிக்கலானது. என் பார்வையில் இதுவே முக்கியமானதும்கூட. ஆறு தட ஒலியை இரண்டு ஸ்பீக்கருக்குள் அடக்கும் வேலையைப் பிளேயரே செய்கிறது. நடுத் தடத்தை மூன்று டெசிபெல் குறைத்து, அதாவது ஏறத்தாழ 0.7 ஆல் பெருக்கி, இரு பக்கத்துக்கும் பகிர்கிறது. பின் தடங்களையும் வழக்கமாக அதே அளவு குறைத்து அந்தந்தப் பக்கத்தோடு சேர்க்கிறது. அடித்தொனித் தடத்தை அடியோடு கைவிட்டுவிடுகிறது. தவிலுக்குக் கனம் கூட்டவென்று அதன் தாழ்ந்த ஒலியை ஆறாவது தடத்தில் மட்டும் போட்டு வைத்திருந்தால், முள்ளியவளை வீட்டில் அந்தக் கனம் கேட்கவே கேட்காது. தாழ்ந்த ஒலி முன் தடங்களிலும் இருக்க வேண்டும். ஆறாவது தடம் மேலதிகம் மட்டுமே; கலியாண வீட்டுக்கு அதை வெறுமையாக விட்டாலும் குறையில்லை.

பின் தடங்களில் இன்னொரு ஆபத்து. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீற்றர் போகும். மேடையில் இருந்து 10 மீற்றர் பின்னால், சனத்துக்கு நடுவில் ஒரு மைக் வைத்தால், மேடைக் குரல் அங்கே 29 மில்லிசெக்கன் பிந்தி வந்து சேரும். ஆறு ஸ்பீக்கரில் இந்தப் பிந்தல் நல்லது. கோயில் முற்றத்தின் விசாலம் அதில்தான் இருக்கிறது. ஆனால் ஒற்றை ஸ்பீக்கரில் முன் குரலும் பிந்திய குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது, சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்து, ஐயர் குகைக்குள் இருந்து மந்திரம் சொல்வதுபோல ஆகிவிடும். டொல்பி டிஜிட்டல் குறிமுறையில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். கலக்கும்போது பின் தடங்களை மூன்று டெசிபெல் குறைக்கவா, ஆறு குறைக்கவா, முற்றாக நீக்கவா என்பதைத் தட்டை ஆக்குபவரே தெரிவுசெய்யலாம். பேச்சு முக்கியமான நிகழ்ச்சிக்கு நான் ஆறையே தெரிவுசெய்யச் சொல்வேன்.

இதைவிட மோசமானது போலிச் சுற்றொலி. இரு தட ஒலிக்கு 'அகலம்' கூட்டும் சில பொத்தான்கள், ஒரு பக்கத்து அலையைத் தலைகீழாக்கி மற்றப் பக்கத்தில் சேர்க்கின்றன. ஹெட்போனில் கேட்க அருமையாக இருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலக்கும் பெட்டியில், மேடும் பள்ளமும் சந்தித்துச் சேர்த்த ஒலி இல்லாமற் போகும். கலியாணப் பாட்டில் வாத்தியம் கேட்டுக் குரல் காணாமற் போனால், அல்லது பாட்டு முழுவதும் மெலிந்து கேட்டால், முதலில் இந்தப் பொத்தானைத்தான் தேடவேண்டும்.

பின் ஏன் மேளம் மட்டும் காதைப் பிளக்கிறது? டொல்பி டிஜிட்டல் கோப்புக்குள் 1 முதல் 31 வரையான ஒரு எண் எழுதப்பட்டிருக்கும். பேச்சின் சராசரி அளவு, ஒலியின் உச்ச எல்லையிலிருந்து எத்தனை டெசிபெல் கீழே இருக்கிறது என்பதை அது பிளேயருக்குச் சொல்கிறது. எண் 31 ஆக இருந்தால் பிளேயர் ஒலியைத் தொடாது. 27 ஆக இருந்தால் நான்கு டெசிபெல் குறைக்கும். சத்தம் குறைந்துவிடக் கூடாதே என்று பலர் கண்ணை மூடிக்கொண்டு 31 வைக்கிறார்கள். அங்கேதான் வினை. அதே எண்ணை அடிப்படையாக வைத்துத்தான், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் இன்னொரு பகுதியும் வேலை செய்கிறது. பேச்சு உண்மையில் 20 டெசிபெல் கீழே இருக்க, 31 என்று சொல்லிவைத்தால், சாதாரணப் பேச்சே அளவுக்கு மிஞ்சிய சத்தம் என்று நினைத்து அது அமுக்கத் தொடங்கும். கெட்டிமேளம் முழங்கும்போது எல்லாவற்றையும் சேர்த்து இன்னும் அமுக்கும். முழக்கம் ஓய்ந்த பின் மெல்ல விடுவிக்கும். அந்த இடைவெளியில் ஐயரின் குரல் மூச்சுத் திணறித் திணறி வரும். தாய் ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டுவார். அடுத்த முழக்கத்தில் வீடே அதிரும்.

சரியான வழி, பேச்சுப் பகுதியை அளந்து உண்மையான எண்ணை எழுதுவது. அளக்க வழியில்லை என்றால் 31 வைத்துச் சுருக்கும் பகுதியை நிறுத்திவிட்டு, மேளத்தையும் மந்திரத்தையும் எடிற்றிங்கிலேயே கையால் சமன்செய்யலாம். எப்படிச் செய்தாலும் தட்டை ஒப்படைக்கும் முன் ஒற்றை ஸ்பீக்கர் தொலைக்காட்சியில், மின்விசிறி ஓடும் அறையில் ஒரு தடவை கேட்கவேண்டும். வன்னியில் இந்தத் தட்டு வாழப்போகும் இடம் அதுதான். ஸ்ரூடியோவின் விலை கூடிய ஸ்பீக்கரில் நன்றாக இருப்பதை மட்டும் வைத்து ஒரு தட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

மச்சாளின் முறைப்பாடு காலத்தைப் பற்றியது. வாயும் பேச்சும் பொருந்தாத தட்டு கையில் வந்தால் முதற் கேள்வி: பொருத்தமின்மை தொடக்கத்திலிருந்து ஒரே அளவாக இருக்கிறதா, போகப்போகக் கூடுகிறதா? ஒரே அளவென்றால் ஒலித் தடத்தை அத்தனை மில்லிசெக்கன் நகர்த்தினால் தீர்ந்தது. கூடிக்கொண்டு போனால் எங்கோ இரண்டு வேகங்கள் மோதுகின்றன. அதை அளக்க எங்கள் சடங்குகளே வசதி செய்து தருகின்றன. தேங்காய் உடைக்கும் இடத்தைப் பாருங்கள். கண்ணுக்கும் காதுக்கும் ஒரே கணத்தில் எட்டும் கூர்மையான நிகழ்வு அது. தொடக்கத்தில் ஒரு தேங்காய், முடிவுக்கு அருகில் இன்னொரு தேங்காயோ கோயில் மணியோ. இரண்டு இடத்திலும் ஒலி எத்தனை சட்டகம் விலகியிருக்கிறது என்று எண்ணிக் கழித்தால், மணித்தியாலத்துக்கு எவ்வளவு விலகுகிறது என்பது கிடைக்கும்.

மணித்தியாலத்துக்கு 3.6 செக்கன் என்றால், 29.97 சட்டக வேகத்தில் எடுத்ததை எங்கோ 30 என்று கொண்டுவிட்டார்கள். இரண்டு நிமிடமும் 24 செக்கனும் என்றால், 24 சட்டகத்தில் எடுத்த படம் 25 இல் ஓடுகிறது. ஒரு மணித்தியால ஒலி 55 நிமிடத்தை ஒட்டி முடிந்து, பாடுபவரின் குரலும் சுருதி ஏறியிருந்தால், சீடியிலிருந்து எடுத்த 44,100 மாதிரி ஒலியை டிவிடியின் 48,000 மாதிரி வேகத்தில் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். விலகல் ஒழுங்கில்லாமல் கூடிக் குறைந்தால் அது அநேகமாகக் கைத்தொலைபேசியில் எடுத்த துண்டு. தொலைபேசிக் கமரா வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்பச் சட்டக வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். அதை எடிற்றிங்குக்கு எடுக்கும் முன் நிலையான 25 சட்டகத்துக்கு மாற்றியே ஆகவேண்டும். பழைய மினி டிவி கமராவில் 12 பிட், 32,000 மாதிரி என்று ஒரு அமைப்பு இருக்கும். அதைத் தொடாமல் 16 பிட், 48,000 இல் வைத்துப் பதிவது நல்லது.

எவ்வளவு விலகினால் மனிதர் கவனிப்பார்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, ஒலி 45 மில்லிசெக்கன் முந்தினாலே கண்டுபிடித்துவிடுவோம். பிந்தினால் 125 மில்லிசெக்கன் வரை தெரியாது. இடியும் மின்னலும் போல, இயற்கையில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்னால்தான் வருகிறது. மூளை அதற்குப் பழகியிருக்கிறது. ஆகவே சந்தேகம் இருந்தால் ஒலியை ஒரு சட்டகம் பிந்தவிடுங்கள், முந்தவிடாதீர்கள்.

இனிப் படம். இலங்கையின் பால் (PAL) தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 சட்டகம். ஒவ்வொரு சட்டகமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரு அரைப்படங்களாகப் பிரிந்து, 20 மில்லிசெக்கன் இடைவெளியில் திரைக்கு வரும். மினி டிவி கமரா கீழ் அரையை முதலில் எழுதும். அதற்குப் பின் வந்த எச்டிவி கமராக்கள் மேல் அரையை முதலில் எழுதும். ஒரே கலியாணத்தை இரண்டு விதக் கமராவில் எடுத்து ஒரே தடத்தில் ஒட்டி ரெண்டர் செய்தால், ஒன்றின் வரிசை தலைகீழாகும். காலம் இரண்டாவது, முதலாவது, நான்காவது, மூன்றாவது என்று ஓடும். அசையாத முகத்தில் தெரியாது. காவடி ஆடும்போதும் கமரா திரும்பும்போதும் உருவம் நடுங்கும். கணினித் திரையில் இதைக் காண்பது கடினம், ஏனென்றால் மென்பொருள் இரு அரையையும் சேர்த்துக் காட்டிவிடும். இங்கேயும் பழைய குழாய்த் தொலைக்காட்சிதான் உண்மையைச் சொல்லும்.

அதே வரிப் பிரிவு தமிழ் எழுத்தையும் படுத்துகிறது. மணமக்களின் பெயரை மெல்லிய எழுத்துருவில் போட்டால், எழுத்துகளின் கிடைக்கோடு ஒரே ஒரு வரியில் விழுந்து, நொடிக்கு 25 தடவை அணைந்து எரியும். கோடு குறைந்தது மூன்று வரித் தடிப்பாவது இருக்கவேண்டும். பெயர் திரை ஓரத்திலிருந்து பத்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி நிற்கவேண்டும். பழைய எடிற்றிங் மென்பொருளில் யுனிகோட் தமிழ் சிதைவதற்குக் காரணம் வேறு. யுனிகோட்டில் 'செ' என்பதில் மெய் முதலில், கொம்பு பின்னால் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னே கொண்டுவரும் வேலை மென்பொருளுடையது. அது தெரியாத மென்பொருள் கொம்பை 'ச'வுக்குப் பின்னால் விட்டுவிடும். பாமினி எழுத்துருவில் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலேயே தட்டச்சுச் செய்வதால் அங்கே சிதையாது. எங்கள் ஸ்ரூடியோக்கள் இன்றும் பாமினியை விடாமல் இருப்பதற்கு இது நியாயமான காரணம்.

படம் கட்டம் கட்டமாக உடைவது இடப்பற்றாக்குறை. ஒரு தட்டின் கொள்ளளவு 470 கோடி பைட். அதாவது 3,760 கோடி பிட். மூன்று மணித்தியாலக் கலியாணத்துக்குப் பங்கிட்டால் நொடிக்கு ஏறத்தாழ 35 இலட்சம் பிட்தான் வரும். இரு தட ஒலியைச் சுருக்காமல் வைத்தால் அதுவே 15 இலட்சத்தைத் தின்றுவிடும். மிஞ்சிய 20 இலட்சத்தில் பூச்சொரிவும் ஆலாத்திச் சுடரும் கட்டங்களாகத்தான் தெரியும். டொல்பி டிஜிட்டலில் ஆறு தடத்துக்கும் சேர்த்து 4 இலட்சத்து 48 ஆயிரம் போதும், இரு தடத்துக்கு 1 இலட்சத்து 92 ஆயிரம். படத்தைக் காப்பாற்ற ஒலியைச் சுருக்குவதுதான் முதல் வேலை. அதன் பின்னும் போதாவிட்டால் இரண்டு தட்டாகப் பிரிப்பதே நேர்மை.

கனடாவுக்குப் போன தட்டு ஓடவேயில்லை என்றால் பெரும்பாலும் பிராந்தியக் குறியீட்டைக் குற்றம் சொல்வார்கள். வீட்டில் எழுதும் தட்டில் அப்படி ஒரு பூட்டு இருப்பதில்லை. பால் தட்டில் 576 வரியும் 25 சட்டகமும். வட அமெரிக்காவில் 480 வரியும் 29.97 சட்டகமும். இங்கே விற்கும் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும். அங்கே விற்றவை பல ஓட்டாது. ஐரோப்பாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் பால் தட்டை அப்படியே அனுப்பலாம். கனடாவுக்கு மட்டும் தனியாக ஒன்று ஆக்கவேண்டும், அல்லது கோப்பாக அனுப்பவேண்டும்.

தட்டு எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் தட்டில் பழுது. வெவ்வேறு இடத்தில் நின்றால் பிளேயரின் லேசரைப் பாருங்கள். எழுதுவது உள்ளிருந்து வெளிநோக்கிப் போவதால், விளிம்பில் இருக்கும் கடைசிக் காட்சிகள்தான் முதலில் கெடும். தட்டை விளிம்புவரை நிரப்பாமலும், ஆகக் கூடிய வேகத்தில் எழுதாமலும் இருப்பது அந்தக் காட்சிகளுக்குப் பாதுகாப்பு.

எழுதும் தட்டின் உள்ளே இருப்பது வெயிலிலும் சூட்டிலும் மங்கும் ஒரு சாயம். வன்னியின் வெக்கையில் அதற்கு நீண்ட ஆயுள் இல்லை. 2002 இல் ஏ9 வீதி திறந்த பின், அந்தச் சில ஆண்டுகளில் எத்தனையோ கலியாண, சாமத்திய வீட்டுத் தட்டுகள் வெளிநாட்டு உறவினரின் கைப்பையில் போயின. 2009 இல் முள்ளிவாய்க்கால்வரை இடம்பெயர்ந்த குடும்பங்களால் அல்பங்களையும் கசெற்றுகளையும் சுமக்க முடியவில்லை. பல வீடுகளுக்கு மிச்சம் இருக்கக்கூடியது அன்று கடல் கடந்த அந்தக் கொப்பி மட்டும்தான். அதில் ஐயரின் குரல் வலப்பக்கத்தால் வந்தாலும் பரவாயில்லை. மூலத் தரவு இருந்தால் இந்த அத்தியாயத்தில் சொன்ன பல பிழைகளைப் பின்னரும் திருத்தலாம். சாயம் மங்கிய தட்டைத் திருத்த வழியில்லை.

உங்கள் அலுமாரியில் அப்படி ஒரு தட்டு இருந்தால், இந்த வாரமே கணினியில் போட்டு முழுத் தட்டையும் ஒரே படிமக் கோப்பாக எடுத்து வையுங்கள். எம்பி4 ஆக மாற்றி வைப்பது மட்டும் போதாது. ஒவ்வொரு மாற்றத்திலும் படத்தில் கொஞ்சம் அழியும், ஆறு தடம் இரண்டாகச் சுருங்கியும் போகலாம். இரண்டு வன்தட்டில், இரண்டு வீட்டில் வையுங்கள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஒரு கொப்பியைக் கொண்டுவந்து அந்தக் குடும்பத்தின் கையில் கொடுங்கள்.